கண்டம் செய்வதற்கு முன் ஆறு ஊசி போட்டுப் பாருங்கள்

துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

மத்திய கருவி ஆய்வகத்தின் மூன்றாவது அறையைக் காலி செய்து, அங்கே கலவைகளைப் பிரித்து அளக்கும் இரண்டு எச்.பி.எல்.சி. கருவிகளையும் ஒரு ஜி.சி. கருவியையும் கண்டம் செய்து (பயனில்லை என்று கழித்து) ஏலம் விட்டு, அந்த இடத்தை நானோ மையத்தின் விரிவாக்கத்துக்குக் கொடுப்பதென்று போன மாதம் நீங்கள் போட்ட தீர்மானத்தின் நகல், ஒரு பழைய மாணவர் வழியாக வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. "பழுதடைந்த மற்றும் காலாவதியான கருவிகள்" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் 27 வருடம் வேலை பார்த்தவன் நான். ஜூன் 30 அன்று கழுத்தில் மாலையோடு வெளியே வந்தேன். அன்று காலையில்கூட அந்த ஜி.சி.யில் ஆறு மாதிரிகள் ஓட்டினேன், லாக் புத்தகத்தில் நேரமும் கையெழுத்தும் இருக்கிறது, யாராவது போய்ப் புரட்டிப் பாருங்கள். அந்த அறையில் முக்கியமாகப் பழுதாகிக் கிடப்பது ஏ.சி.தான். அதை மாற்றச் சொல்லி நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான்கு கோப்பும் உங்கள் கட்டடத்தில்தான் எங்கோ இருக்கிறது.

உங்களில் பலர் வேதியியல்காரர்கள் இல்லை என்பதால் அங்கே என்னதான் நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். முதலாண்டு எம்.எஸ்சி. பிள்ளைகள் வந்ததும் நான் முதல் நாள் கருவியைக் காட்டமாட்டேன். வடிதாள் துண்டில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நுனியை மட்டும் தண்ணீரில் தொட வைத்து, டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பேன். திரும்பி வரும்போது கறுப்பு இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று தனித்தனியாகத் தாளில் ஏறி நிற்கும். தாளோடு ஒட்டிக்கொள்கிற சாயம் பின்தங்கிவிடும், தண்ணீரோடு போகிற சாயம் முன்னால் ஓடிவிடும். குரோமட்டோகிராபி என்பது இவ்வளவுதான், பள்ளிப் பாடத்தில் வண்ணப்பிரிகை என்று படித்திருப்பீர்கள். எச்.பி.எல்.சி.யில் தாளுக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்கா துகள் அடைத்த எஃகுக் குழாய் இருக்கும், கரைப்பானை பம்ப் தள்ளும். ஜி.சி.யில் மாதிரியை ஆவியாக்கி, வாயுவோடு சேர்த்துத் தலைமுடி கனத்தில் இருக்கும் நீளமான குழாயில் அனுப்புவோம். (நாங்கள் பேசும்போது அந்தக் குழாயைக் 'காலம்' என்றுதான் சொல்வோம். எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள், அதனால் இந்த மடல் முழுக்கக் குழாய்.) மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் டிடெக்டர், எது எப்போது வெளியே வந்தது, எவ்வளவு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பீக் (கோட்டில் ஒரு மேடு) போட்டுக் காட்டும். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது. ஒரு ஊரில் யார் எந்தப் பொருளைக் கொண்டுவந்தாலும் கேட்பது இந்த இரண்டு கேள்வியைத்தான்.

2025 அக்டோபர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இது புது விஷமும் இல்லை. 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது, அதற்குப் பிறகுதான் அங்கே மருந்துச் சட்டமே இறுகியது. 1972-இல் சென்னையில் குழந்தைகள், 1986-இல் மும்பை மருத்துவமனையில் நோயாளிகள், 2020-இல் ஜம்முவில் குழந்தைகள். 2022-இல் காம்பியாவுக்குப் போன இந்திய மருந்துகளில் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. திரும்பத் திரும்ப அதே பொருள் வருவதற்குக் காரணம் சாதாரணமானது: மருந்தில் சேர்க்க வேண்டிய புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரியே இதுவும் நிறமில்லாமல், கெட்டியாக, லேசாக இனிப்பாக இருக்கும், விலையும் குறைவு. பார்த்தோ மோந்தோ யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஜி.சி.யில் போட்டால் தனித்தனி பீக்காக வந்து நின்றுவிடும். ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த மாதிரி) தயாராக இருந்தால் ஒரு மாதிரிக்கு அரை மணி நேர வேலை.

அந்தச் செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த வாரத்தில், நம் வளாகத்தில் ஒப்பந்தத்தில் கூட்டுகிற ஒரு அக்கா கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த ஒரு பாட்டிலை எடுத்து என் மேசையில் வைத்தார். "சார், பேத்திக்கு ரெண்டு நாளா இதத்தானுங்க குடுத்துட்டு இருக்கறேன். உங்க மிசின்ல பாத்துச் சொல்ல முடியுங்களா?" நம்முடையது அங்கீகாரம் பெற்ற மருந்து ஆய்வகம் இல்லை, நான் சொல்வது சட்டப்படி செல்லாது, பேட்ச் எண்ணை அரசு வெளியிட்ட அறிவிப்போடு ஒத்துப் பாருங்கள், குழந்தைக்குச் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கவனியுங்கள், சந்தேகம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு மாதிரியையும் ஓட்டினேன். டைஎத்திலீன் கிளைக்கால் வரவேண்டிய நேரத்தில் கோடு அப்படியே தரையோடு தரையாகப் போனது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த எடத்துல ஒண்ணும் வரலீங்கல்ல?" என்று மூன்று முறை கேட்டார். அப்புறம் அந்த வாரத்தில் மட்டும் 14 பாட்டில்கள் வந்தன. இரண்டு பேராசிரியர்கள் வீட்டிலிருந்து வந்தவை. ஒன்று நிர்வாகக் கட்டடத்திலிருந்தே வந்தது, யாருடையது என்று சொல்லமாட்டேன், அவருக்குத் தெரியும். அந்தக் கருவியைத்தான் இப்போது காலாவதி என்கிறீர்கள்.

எச்.பி.எல்.சி.க்கும் இப்படி ஒரு கதை உண்டு. பவானிப் பக்கத்திலிருந்து 11 மஞ்சள் விவசாயிகள் ஒரு மினி வேனில் வந்தார்கள். மஞ்சளுக்கு விலை வைக்கும்போது அதற்கு நிறம் தரும் குர்குமின் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள் இல்லையா, வாங்க வந்த வியாபாரி ஒரு சீட்டைக் காட்டி 2.1 என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டில் எந்த ஆய்வகம், என்ன முறை, ஒன்றும் இல்லை. நாங்கள் அரைத்து, சாற்றை எடுத்து, வடிகட்டி ஓட்டினோம். பிஸ்டெமெத்தாக்சி குர்குமின் முதலில் வரும், அப்புறம் டெமெத்தாக்சி, கடைசியில் குர்குமின். மூன்றும் கூட்டிப் பார்த்ததில் பெரும்பாலானவர்களுக்கு 3-ஐத் தாண்டி வந்தது. ஒருவருடையது உண்மையிலேயே 2-க்குப் பக்கத்தில்தான் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம், அவர் முகம் சுண்டிவிட்டது, என்ன செய்வது. இதையே சாதாரண நிறமானியில் அளக்கலாமே என்று நம் தணிக்கையில் ஒருமுறை கேட்டார்கள். அளக்கலாம். ஆனால் அது மஞ்சளாக இருப்பதையெல்லாம் ஒரே கூட்டில் எண்ணிவிடும், யாராவது 'மெட்டானில் யெல்லோ' என்ற செயற்கைச் சாயம் கலந்திருந்தால் அதையும் சேர்த்து எண்ணி, ஆகா நல்ல மஞ்சள் என்று சொல்லிவிடும். பிரித்த பிறகு அளப்பதற்கும் பிரிக்காமல் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இன்றைக்கு ஏற்றுமதி விஷயமும் இதில்தான் வந்து நிற்கிறது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி நிறுத்தினார்களே, அதைக் கண்டுபிடிப்பதும் ஜி.சி.யை வைத்துத்தான்.

சரி, நானோவுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களைச் செய்கிற வேலைக்கு, வருகிறேன். நான் நானோவுக்கு எதிரி என்று வளாகத்தில் ஒரு பேச்சு இருப்பது தெரியும். அது இல்லை. என் புகார் நம்மிடம் நடக்கிற நானோவைப் பற்றியது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வேம்பு, துளசி, முருங்கை, ஆவாரை, ஆடாதொடை என்று நம் ஊரில் இருக்கும் இலை ஒன்றையும் விடாமல் கஷாயம் வைத்து, சில்வர் நைட்ரேட்டில் ஊற்றி, பழுப்பாக மாறியதும் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வந்ததைக் காட்டி, நாலு பாக்டீரியாவைக் கொன்று, கட்டுரை போட்டுவிட்டார்கள். எண்ணிக்கைக்கு எண்ணிக்கை, தரவரிசைக்குத் தரவரிசை. ஆனால் அந்தக் கஷாயத்தில் இருக்கும் எந்தப் பொருள் வெள்ளி அயனியைத் துகளாக்கியது என்று கேட்டால், எல்லாக் கட்டுரையிலும் ஒரே வரி: ஃபிளவனாய்டுகளோ பீனால்களோ காரணமாக இருக்கலாம். இருக்கலாம்! பக்கத்து அறையில் எச்.பி.எல்.சி. இருக்கிறது, ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு 20 அடி நடந்தால் போதும், ஆனாலும் இருக்கலாம் என்றே எழுதுகிறார்கள்.

நடந்து வந்தது ஒரே ஒரு பெண்தான். நெல்லிக்காய்ச் சாற்றில் வேலை செய்தவர். வெள்ளி சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்போமா அண்ணா என்று கேட்டு வந்தார். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். காலிக் அமிலத்தின் பீக் பெரிதாக இருந்தது, வெள்ளி சேர்த்த பிறகு கிட்டத்தட்டக் காணாமலே போயிருந்தது. மற்ற பீக்குகள் அப்படி அப்படியே. உடனே அவர் காலிக் அமிலத்தை மட்டும் தனியாக வாங்கி வெள்ளியோடு சேர்த்துப் பார்த்தார், துகள் வந்தது. ஒரு மாதத்தில் 'இருக்கலாம்' போய்விட்டது. வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வேறு எதையும் அதிகம் கேட்கவில்லை, அந்த இரண்டு படத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். நானோ மையத்துக்கு இடம் கொடுப்பதற்காக நீங்கள் எடுத்து வெளியே வைப்பது அந்தப் படத்தைக் கொடுத்த கருவியை.

நானோவும் குரோமட்டோகிராபியும் எதிரெதிர் கட்சிகள் என்று தீர்மானத்தை எழுதியவர் நினைத்திருக்கிறார் போலிருக்கிறது, 'பழைய தொழில்நுட்பத்திலிருந்து புதிய தொழில்நுட்பத்துக்கு' என்று ஒரு வாக்கியம் வருகிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே ஒரு கிட்டில் சொட்டு விட்டுப் பார்த்தோமே, அந்தப் பட்டையில் சொட்டு ஊர்ந்து போவது வடிதாளில் மை ஊர்ந்து போவதற்குச் சொந்தக்காரன். அதில் வந்த சிவப்புக் கோடு பெரும்பாலான கிட்டுகளில் தங்க நானோ துகளின் நிறம். கர்ப்பப் பரிசோதனை அட்டையும் அப்படித்தான். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி எடுத்துக்கொள்ளுங்கள், நானோவின் பெரிய வெற்றி அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நானோ துளியில் நாலு வகைக் கொழுப்பு எந்த விகிதத்தில் இருக்கிறது என்று அளப்பது எச்.பி.எல்.சி. கொழுப்பில் இருக்கும் அசுத்தம் எம்.ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைக்கிறது என்பதை 2021-இல் வெளியிட்டார்கள், வழக்கமான சோதனைகளில் சிக்காத அது சிக்கியதும் எச்.பி.எல்.சி. குழாயில்தான். ஜப்பானில் 2011-இல், கலந்து கிடக்கும் ஒற்றைச்சுவர் கார்பன் நானோ குழாய்களை ஜெல் நிரப்பிய குழாய்களில் ஊற்றி, அமைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். துகளைச் செய்துவிடுவது சுலபம். செய்தது என்ன என்று தெரிந்துகொள்ள அடுத்த அறைக்குத்தான் வரவேண்டும்.

பழையது என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1903-இல் வார்சாவில் இந்த முறையை முதலில் பேசினார். சுண்ணாம்புப் பொடி அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை ஊற்றி, பச்சை, மஞ்சள் பட்டைகளாகப் பிரித்தார். இவர் வேதியியல்காரர் இல்லை, முறை நம்பும்படி இல்லை என்று அன்றைய பெரிய ஆட்கள் ஒதுக்கிவிட்டார்கள், 1919-இல் அவர் இறந்தும் போனார். 1931-இல் ஜெர்மனியில் மறுபடி எடுத்துச் செய்து பார்க்கும்வரை அது கிட்டத்தட்டக் கண்டம் செய்யப்பட்ட பொருள்தான். 1941-இல் மார்ட்டினும் சின்ஜும் ஒரு கட்டுரை எழுதினார்கள், 1952-இல் நோபல் வாங்கிக் கொடுத்த வேலை. மிகச் சிறிய துகளை அடைத்து அதிக அழுத்தத்தில் தள்ளினால் பிரிப்பு அருமையாக இருக்கும் என்று அதிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு ஏற்ற கருவி, 2 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகளோடு, கடைக்கு வந்தது 2004-இல்.

அந்தப் புதுக் கருவியும் நம்மிடம் இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2019-இல் வாங்கினோம். 1.7 மைக்ரான் துகள். இதைப் பற்றி நான் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் நானோ மையத்துக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது. 5 மைக்ரான் துகளிலிருந்து 1.7-க்குப் போனால், அதே நீளக் குழாயில் அதே வேகத்தில் தள்ள எட்டு ஒன்பது மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்கேற்ற பம்ப் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. அவ்வளவு சின்னத் துகள் என்றால் இடுக்கும் அவ்வளவு சின்னது, கொஞ்சம் தூசி போனாலும் அடைத்துக்கொள்ளும். கரைப்பானை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிக்கவேண்டும், மாதிரியையும் வடிக்கவேண்டும், வடிகட்டி வாங்கப் பணம் வேண்டும். திறப்பு விழா நடந்தது, ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். வடிகட்டிக்கு நான் போட்ட இன்டென்ட் (வாங்கித் தரக் கேட்கும் விண்ணப்பம்) ஏழு மாதம் கழித்துக் கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. அதற்குள் ஒரு ஆராய்ச்சி மாணவர் அவசரத்தில், நான் விடுப்பில் இருந்த நாளில், இலைச்சாற்றை அப்படியே ஏற்றிவிட்டார். குழாய் அடைத்தது. அதன் விலை அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். மாற்றுக் குழாய்க்குப் பணம் இல்லை, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கவில்லை, அப்புறம் கொரோனா. இன்றைக்கு அதன்மேல் ஒரு நீல உறை போட்டு மூடியிருக்கிறது. அந்தப் பையனை நான் திட்டவில்லை. கருவி வாங்க ஒரு கோப்பு இருக்கிறது, அதை ஓட்டுவதற்குக் கோப்பே இல்லை என்றால் யாரைத் திட்டுவது?

மாதிரிகளை வெளி ஆய்வகங்களுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்றும் தீர்மானம் சொல்கிறது. அனுப்பலாம், பி.டி.எஃப். வரும். பிள்ளைக்கு பீக் ஏன் வால் நீண்டு வருகிறது, கோடு ஏன் மெதுவாக மேலே ஏறுகிறது, அழுத்தம் ஏன் எகிறுகிறது என்று எதுவும் தெரியாது, யாரோ போட்ட எண்ணை ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்வார். ஹைதராபாத், ஓசூர், செங்கல்பட்டு என்று மருந்துக் கம்பெனிகளுக்கு நேர்காணலுக்குப் போன நம் பிள்ளைகள் திரும்பி வந்து சொல்வது ஒன்றுதான்: எச்.பி.எல்.சி. கை வைத்து ஓட்டியிருக்கிறாயா என்பதே முதல் கேள்வி. நானோவில் எம்.ஃபில். செய்தவர்கள்கூட வேலையில் போய் உட்கார்வது எச்.பி.எல்.சி. முன்னால்தான். என் காலத்தில் 60 பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தன் கையால் ஊசி போட்டுவிட்டுத்தான் (மாதிரியை ஊசியால் கருவிக்குள் செலுத்துவதைச் சொல்கிறேன்) தேர்வுக்குப் போனார்கள், இரவு எட்டு மணி வரை வைத்துச் செய்திருக்கிறோம். இந்த ஆண்டு அவர்களுக்குக் கணினித் திரையில் அசைகிற ஊசி.

ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும், என்னைப் பற்றி இல்லை, நான் போய்விட்டேன். 2008 கடைசியில், எச்.பி.எல்.சி.யில் நாங்கள் ஓட்டுகிற கரைப்பானான அசிட்டோநைட்ரைல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடானது. பிளாஸ்டிக்குக்கும் செயற்கை இழைக்கும் வேண்டிய அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது உபரியாகக் கிடைக்கிற பொருள் அது. பொருளாதாரச் சரிவில் அந்த ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்காகச் சீனாவில் சிலவற்றை மூடினார்கள், அமெரிக்காவில் புயல் வேறு. எங்கள் பாட்டில் காலி. அப்போது தொகுப்பூதியத்தில் இருந்த ஒரு தம்பி மூன்று வாரம் உட்கார்ந்து எங்கள் முறைகள் ஒன்பதையும் மெத்தனாலுக்கு மாற்றினான். மெத்தனாலில் அழுத்தம் ஏறும், பீக் இடம் மாறும், எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்தான். ஒரு நாள்கூட ஆய்வகம் நிற்கவில்லை. அவன் இன்றைக்கும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறான். கண்டம் செய்யும் பட்டியலில் கருவிகளின் பெயர் மட்டும் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. அறை போனால் அவனும் போவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழைய எச்.பி.எல்.சி.யின் கணினி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி-யில் ஓடுகிறது, மாற்ற வந்தபோது ஓடுகிறதே எதற்கு என்று தடுத்தது நான்தான். இரண்டு எச்.பி.எல்.சி.யில் சுவரோரம் இருப்பது உண்மையிலேயே ஆயுள் முடிந்தது, பம்ப் சீலுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை, அதைத் தாராளமாக ஏலம் விடுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். மற்ற இரண்டையும் அதோடு ஒரே வரியில் சேர்த்து எழுதியதுதான் தவறு. பட்டியல் போட்ட குழுவில் யாரும் அறைக்குள் வரவில்லை. வாங்கிய வருடத்தைப் பார்த்து, ஜி.சி. 2001, எச்.பி.எல்.சி. 2006, பழசு என்று எழுதிவிட்டார்கள். ஜி.சி.யில் டிடெக்டர் 2017-இல் மாற்றியது, குழாய் இரண்டு வருடத்துக்கு முன்னால் மாற்றியது. அது எந்தக் கோப்பிலும் வராது, லாக் புத்தகத்தில் வரும்.

நான் கேட்பது இவைதான். ஏலத்தை நிறுத்தி வையுங்கள். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்தோ அரசு ஆய்வகத்திலிருந்தோ கருவி தெரிந்த ஒருவரை ஒரு நாள் வரச் சொல்லுங்கள். அவர் முன்னால் ஒரே ஸ்டாண்டர்டை ஆறு முறை ஊசி போடட்டும். பீக் பரப்பில் விலகல் 2 சதவீதத்துக்குள் நின்றால் கருவி வேலை செய்கிறது என்று பொருள், உலகம் முழுக்க மருந்துக் கம்பெனிகள் அதைத்தான் பார்க்கின்றன. நிற்கவில்லை என்றால் ஏலக்காரர் வண்டியில் நானே ஏற்றிவிடுகிறேன். அந்தச் சோதனைக்கு நான் சம்பளமில்லாமல் வந்து நிற்பேன்.

தேறிவிட்டால், அந்த அறையை அங்கேயே விட்டுவிட்டு ஏ.சி.யை மாற்றுங்கள். நானோ மையத்துக்கு இரண்டாம் மாடியில் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் தேர்வுத்தாள் கிடங்கைக் கொடுங்கள், அது இந்த அறையைவிடப் பெரிது. புதிதாக எந்தக் கருவி வாங்கினாலும், நானோவோ எதுவோ, குழாய், வடிகட்டி, வாயு, ஏ.எம்.சி. இவற்றுக்கு ஐந்து வருடத்துக்கான தொகையை அதே கோப்பில் ஒதுக்காமல் ஒப்புதல் தராதீர்கள். நீல உறைக்குள் இருக்கும் 2019 கருவிக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுங்கள், ஒன்றே ஒன்று. அந்தத் தம்பியின் பணியை நிரந்தரம் செய்யுங்கள், அவனுக்குக் கீழே இன்னொரு ஆளைப் போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் அவன் ஓய்வு பெறும் நாளில் இன்னொருவர் இதே மடலை எழுதவேண்டி வரும். எம்.எஸ்சி. செய்முறையில் ஊசி போடுவதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மாதத்தில் இரண்டு நாள் விவசாயிகளுக்கும் வெளியாட்களுக்கும் செலவுத் தொகைக்கு மட்டும் மாதிரி பார்த்துக் கொடுக்க ஒரு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு செய்யுங்கள், அப்படியே ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரத்துக்கும், மருந்துச் சோதனைக்கான அரசு அனுமதிக்கும் விண்ணப்பியுங்கள், அடுத்த முறை பாட்டிலோடு வருகிறவரிடம் இது சட்டப்படி செல்லாதுங்க அக்கா என்று யாரும் சொல்லவேண்டியிருக்காது.

ஏலம் இந்த மாதம் 28-ஆம் தேதி என்று போட்டிருக்கிறது. அதற்குள் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். கூடவே ஓர் அவசர விஷயம்: வலது பக்க அலமாரியின் இரண்டாம் தட்டில் எச்.பி.எல்.சி.க்கான ஐந்து சி-18 வகைக் குழாய்கள் மெத்தனால் நிரப்பி இருமுனையும் அடைத்து வைத்திருக்கின்றன. அறையைக் காலி செய்யும் அவசரத்தில் யாரும் அந்த மூடிகளைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், உலர்ந்துவிட்டால் அவை வீணாகப் போய்விடும். ஹைட்ரஜன் சிலிண்டரின் வால்வு நான் வரும்போது மூடியிருந்தது, ஆனாலும் நகர்த்துவதற்கு முன் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். அறைச் சாவி அந்தத் தம்பியிடம் இருக்கிறது.